உத்தரவு இல்லாத தடைகள்: கேரள எல்லைக் கல்லூரிகளில் பேச்சுரிமை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாகச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இப்புறம் கொழிஞ்சாம்பாறை, எருத்தியாம்பதி, வடகரப்பதி போன்ற ஊராட்சிகளில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். பிளஸ் டூ முடித்த பிள்ளை மேற்கே போனால், தமிழ்த் துறையும் இயங்கும் சித்தூர் அரசுக் கல்லூரி அல்லது பாலக்காடு விக்டோரியா கல்லூரி. கிழக்கே போனால் கோயம்புத்தூர், பொள்ளாச்சிக் கல்லூரிகள். (சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துவிட வேண்டாம், இது பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூர்.) ஒரே வீட்டில் அக்கா மேற்கேயும் தம்பி கிழக்கேயும் படிப்பது இந்த வட்டாரத்தில் வழக்கமான ஏற்பாடு.

இருவருக்கும் அரசமைப்புச் சட்டம் ஒன்றுதான். ஆனால் அக்காவின் கல்லூரிக்குள் நுழைந்தால் கொடிக்கம்பம், தோரணம், சங்கத் தேர்தல், வேலைநிறுத்த அறிவிப்பு, சுவரெல்லாம் முழக்கம். தம்பியின் கல்லூரிச் சுவரில் இருப்பவை பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம்பிடித்தவர்களின் படங்களும், வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்களின் படங்களும். இதைப் பார்த்துவிட்டு, கேரளத்தில் பேச்சுரிமை அதிகம், தமிழ்நாட்டில் குறைவு என்று தீர்ப்பெழுதுவது எளிது. அது பாதிதான் உண்மை. கேரள வளாகத்தில் யார் பேசலாம், எந்தச் சுவரில் பேசலாம் என்பதற்கு வேறு காவலர்கள் இருக்கிறார்கள். கோவைப் பக்கத்துக் கல்லூரியில் பேசக் கூடாது என்று யாரும் எழுதிக் கொடுத்ததே இல்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமானது. எழுத்தில் வரும் தடையை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், சட்டத்தின் அளவுகோலால் அளக்கலாம், சில சமயம் உடைக்கவும் செய்யலாம். எழுத்தில் வராத தடைக்கு அந்த ஆபத்து எதுவும் கிடையாது. வளாகப் பேச்சுரிமை பற்றிக் கேரளத்தில் தீர்ப்புகள் குவிந்து கிடக்க, எல்லைக்குக் கிழக்கே அப்படி எதுவும் எளிதில் கண்ணில் படாததற்கு, இங்கே அடக்குமுறை கூடுதல் என்பதோ அங்கே குறைவு என்பதோ காரணமல்ல. இங்கே மோதல் காகிதத்தில் பதிவாகிறது; அங்கே பதிவாவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. 19(2) பிரிவு அதற்கு வேலி போடுகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் ‘கல்லூரியின் நற்பெயர்’ இல்லை. ‘நிர்வாகத்துக்குச் சங்கடம்’ என்பதும் இல்லை. பட்டியலிலுள்ள சில காரணங்கள் தொடக்கத்தில் இருந்தவையும் அல்ல. பம்பாயிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழைச் சென்னை மாநில அரசு தன் எல்லைக்குள் நுழைய விடாமல் தடுத்தபோது, 1950இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அதற்கும் அதையொத்த தீர்ப்புகளுக்கும் பதிலாகத்தான் 1951இன் முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ உள்ளிட்ட காரணங்களைச் சேர்த்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் உள்ளே வந்தது. பாலக்காடு நகரம் அன்று சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது என்பதால், இந்த வரலாற்றில் எல்லைக்கு இரு புறத்துக்கும் பங்கு உண்டு.

2015 மார்ச் 24 அன்று இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் பேச்சை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியது: விவாதிப்பது, ஒரு கருத்துக்கு ஆதரவாக வாதிடுவது, குற்றத்துக்குத் தூண்டுவது. மூன்றாவது படியை எட்டினால் மட்டுமே அரசு கை வைக்கலாம். அதே தீர்ப்பில் கேரளக் காவல் சட்டத்தில் அதையொத்த 118(டி) பிரிவும் விழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 2020 நவம்பரில், கேரள அரசு 118ஏ என்று ஏறத்தாழ அதே குணமுள்ள ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டு வந்து, எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே கைவிட்டது. பேச்சுரிமைக்காக மேடையேறிய கட்சியும் ஆட்சியில் அமர்ந்தால் கத்திரியைத் தேடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கல்லூரிகள் அதிகமாகப் பயன்படுத்தும் சாக்கு ஒன்று உண்டு: ‘நீங்கள் பேசினால் வெளியிலிருந்து ஆட்கள் வந்து கலாட்டா செய்வார்கள்.’ இதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. இடஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தமிழ்த் திரைப்படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதைத் திருப்பிப் போட்ட உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டமும் வன்முறையும் நடக்கும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டி அரசு கருத்துரிமையைக் கைவிட முடியாது, பேசுபவரைக் காப்பது அரசின் கடமை என்று 1989இல் சொன்னது. கலவரக்காரரைத் தடுக்க முடியாதவர் பேச்சாளரைத் தடுக்கிறார் என்றால், வீட்டோ அதிகாரம் கலவரக்காரரிடம் போய்ச் சேர்கிறது. எந்தக் கல்லூரி முதல்வரும் இந்தத் தீர்ப்பை மேசையில் வைத்துக்கொண்டு கருத்தரங்குக்கு அனுமதி கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. அரசுக் கல்லூரி ‘அரசு’ என்ற வரையறைக்குள் வரும். சுயநிதிக் கல்லூரி வருமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும் கேள்வி. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வின் பெரும்பான்மை, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதோருக்கு எதிராகவும் கோரலாம் என்று கூறியது. நடைமுறையில், மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் இந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு தன் கல்லூரி மீது ரிட் மனு போடுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

கேரளத்தின் தீர்ப்பு வரிசை

பாலா புனித தாமஸ் கல்லூரி தொடர்பான வழக்கில் 2003இல் கேரள உயர் நீதிமன்றம், வளாகத்துக்குள் அரசியல் செயல்பாட்டைத் தடை செய்யக் கல்லூரிக்கு உரிமை உண்டு என்று சொன்னது. சேர்க்கையின்போது கல்லூரியின் விதிகளை ஏற்றுக்கொண்ட மாணவர் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்ற தர்க்கம் அதில் அடிநாதமாக இருந்தது. அடுத்த ஆண்டே அதே நீதிமன்றத்தின் டிவிஷன் அமர்வும் (இரு நீதிபதிகள் கொண்டது) அதை உறுதி செய்தது. கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் கவுன்சிலுக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதில்தான் மாணவர் தேர்தலைப் பற்றி ஆராய முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு பிறந்தது. அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும்தான். அதையும் கல்லூரி ஒதுக்கிய இடத்தில்தான் ஒட்ட வேண்டும். இந்தியா முழுவதும் மாணவர் தேர்தலுக்கு இன்று வழிகாட்டும் நெறிமுறை கேரளத்துச் சண்டையிலிருந்து முளைத்தது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

2017இல் பொன்னானிக் கல்லூரி ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம் தர்ணா, உண்ணாவிரதம், சத்தியாகிரகம் ஆகியவற்றுக்குக் கல்வி நிலையத்தில் இடமில்லை என்றது. 2020 பிப்ரவரியில் படிப்புக்குக் குந்தகமான வேலைநிறுத்தம், முற்றுகை ஆகியவற்றைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துத் தடை செய்தது. இந்தத் தீர்ப்புகளைக் கவனமாகப் படித்தால் ஒன்று புலப்படும். நீதிமன்றம் முன் நின்ற கேள்வி பெரும்பாலும் பேச்சைப் பற்றியதே அல்ல. வகுப்பை மூடும் உரிமையைப் பற்றியது. படிக்க வந்தவரின் வகுப்பறைக் கதவைச் சாத்த இன்னொரு மாணவருக்கு உரிமை இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முற்றுகைக்கு எதிரான தீர்ப்பு நிர்வாகத்தின் கையில் வந்ததும், அது கூட்டத்துக்கும் துண்டறிக்கைக்கும் ஆவணப்படத் திரையிடலுக்கும் எதிரான தீர்ப்பாக உருமாறிவிடுகிறது. கதவைச் சாத்துவதும் கதவருகே நின்று பேசுவதும் ஒன்றாக எண்ணப்படுகின்றன.

அதே கேரளத்திலிருந்து எதிர்த் திசையிலும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. 1985இல் கோட்டயம் மாவட்டப் பள்ளி ஒன்றில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் மத நம்பிக்கை காரணமாகப் பாட மறுத்த மூன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டு, பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்று நிறுவியது. 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு வழக்கிலும் வெற்றி சாத்தியமானதற்குக் காரணம் ஒன்றே: பள்ளியும் விடுதியும் தாங்கள் செய்ததை எழுத்தில் செய்திருந்தன.

சுவர் யாருடையது

கேரளக் கல்லூரிகளில் கல்வியாண்டு தொடங்கும் முன்பே சுவர் ‘புக்’ செய்யப்படும். சுண்ணாம்பு அடித்து, ஓரத்தில் அமைப்பின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அந்தச் சுவர் அவர்களுடையது. கல்லூரி நிர்வாகம் இந்தப் பட்டாவை அங்கீகரித்ததில்லை. மாணவர் அமைப்புகள்தாம் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கின்றன, அல்லது அங்கீகரிக்க மறுத்து அடித்துக்கொள்கின்றன.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியின் சுவர் இதற்குச் சரியான சான்று. 2016 டிசம்பரில் கல்லூரிச் சுவரில் கவிதை வரிகளும் வாசகங்களும் எழுதியதற்காக, முதல்வரின் புகாரின் பேரில் ஆறு மாணவர்கள் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். கவிதை எழுதியவரைச் சொத்தைச் சேதப்படுத்தியவராக்கும் அந்த வித்தை கவனிக்கத் தக்கது. எழுதியதன் பொருளைப் பற்றி விவாதிக்காமலே எழுதியவரைச் சிறைக்கு அனுப்ப முடிகிறது. மறு மாதம் மாணவர்கள் முதல்வரின் நாற்காலியை வெளியே எடுத்து எரித்தனர். கருத்துரிமைக்கான எதிர்வினை என்று அதையும் சொன்னவர்கள் உண்டு.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. 2018 ஜூலை 2, முதலாண்டு மாணவர்கள் வர வேண்டிய நாள். அதற்கு முந்தைய இரவில் அதே கல்லூரியில் சுவர் எழுத்தை ஒட்டி எழுந்த மோதலில், இரண்டாமாண்டு வேதியியல் மாணவர் அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த எஸ்.எஃப்.ஐ. மாணவர் அமைப்பைச் சேர்ந்த அவருக்கு வயது 20. பாப்புலர் ஃபிரண்டின் மாணவர் பிரிவான கேம்பஸ் ஃபிரண்ட் அமைப்பினர் மீது வழக்குத் தொடரப்பட்டது. வகுப்புவாதத்துக்கு எதிராக அவர் சுவரில் எழுதிய வரி பின்னர் கேரளம் முழுவதும் முழக்கமாயிற்று. ஆனால் எல்லைப் பகுதியில் அவரைப் பற்றி முதலில் பேசப்பட்டது வேறொன்று: அவர் வட்டவடைக்காரர். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டு மறுபடி கேரளத்துக்குள் இறங்கும் பாதையின் முடிவில் இருக்கும் மலைக் கிராமம் அது. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள். பெரும்பாலான வீடுகளில் தமிழ். அங்கிருந்து எர்ணாகுளத்துக்குப் படிக்கப் போன ஒரு தமிழ் விவசாயக் குடும்பத்துப் பையன், மலையாளத்தில் சுவர் எழுதியதை ஒட்டி உயிரிழந்தார். 2024இல் அந்தக் கொலை வழக்கின் முக்கிய ஆவணங்கள் நீதிமன்றத்திலிருந்தே காணாமல் போயிருந்தது வெளியே வந்தது. அவற்றை மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று.

ஒரே சுவரில் ஒரு முறை நிர்வாகம் தணிக்கையாளராக நின்றது. மறு முறை எதிர் அமைப்பின் கத்தி. சுவரைப் பற்றிப் பேசும்போது பலர் இரண்டாவதை ‘வளாக வன்முறை’ என்ற தலைப்பில் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளக் கூடாது. எழுதினால் அடி விழும் என்று தெரிந்து பேனாவை மூடி வைக்கும் மாணவருக்கு, அடிப்பவர் முதல்வரா சக மாணவரா என்பது அவ்வளவு பெரிய வேறுபாடு அல்ல.

ஒற்றை அமைப்பின் கோட்டையாக இருக்கும் வளாகங்களில் அந்த அமைப்பே நிர்வாகத்தைவிடக் கண்டிப்பான காவலராகிவிடும். 2019 ஜூலையில் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரு மாணவர் தன் சொந்த அமைப்பின் நிர்வாகிகளாலேயே குத்தப்பட்டதாக வழக்குப் பதிவானது. சச்சரவின் தொடக்கம் கேன்டீனில் பாட்டுப் பாடியது என்று செய்திகள் வந்தன. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் 2016 மார்ச் 31 அன்று, ஓய்வு பெற்றுச் செல்லும் முதல்வருக்கு மாணவர்கள் சமாதி கட்டி மலர்வளையம் வைத்தார்கள். அதைக் கலைப்படைப்பு என்று ஓர் அரசியல் தலைவர் வியாக்கியானம் செய்தது அடுத்த சில வாரங்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. சட்டப்படி பார்த்தால் சமாதியும் ஒரு பேச்சுதான், கொடூரமான பேச்சு. அதற்காக யாரையும் சிறையில் தள்ள வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஆனால் எந்த முதல்வரின் பணிக்காலத்தின் கடைசி நாளும் அப்படி முடியலாம் என்பது மற்ற கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளிலும் நினைவில் நின்றிருக்கும்.

ஆசிரியரின் நிலை இன்னும் இக்கட்டானது. இடுக்கி மாவட்டம் தொடுபுழா நியூமன் கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப், 2010இல் தான் தயாரித்த வினாத்தாள் நபிகளை அவமதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் ஒரு கும்பல் அவருடைய வலது கையை வெட்டியது. அதன் பிறகு கல்லூரி அவரைப் பணிநீக்கமும் செய்தது. 2013இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஓய்வு பெற மூன்று நாட்கள் மிச்சமிருந்தபோது, 2014 மார்ச் இறுதியில் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டிருந்தார். கையை வெட்டியவர்களுக்குச் சட்டம் தண்டனை கொடுத்தது. நிறுவனம் கைவிட்டதற்குத் தண்டனை எதுவும் சட்டத்தில் இல்லை. இப்போது எந்தத் துறையிலும் வினாத்தாள் தயாரிப்பவர் சர்ச்சைக்கு இடமில்லாத பத்தியாகத் தேடி எடுக்கிறார் என்றால், அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021இல் காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில், ஆர்.எஸ்.எஸ். அமைப்பை இணையவழி வகுப்பில் ஃபாசிசத்தோடு இணைத்துப் பேசிய உதவிப் பேராசிரியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, பிறகு அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. வகுப்பறைக்கும் ஒட்டுக்கேட்கும் காது முளைத்திருப்பதை இணையவழி வகுப்புகள் காட்டிக்கொடுத்தன.

கிழக்கே ஓசையில்லாமல்

எல்லையைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் கொந்தளித்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த அலையில் பங்கு பெற்ற கட்சி இரண்டே ஆண்டில் ஆட்சியைப் பிடித்தது. மாணவர் சக்தி ஆட்சியை மாற்றும் என்று கண்கூடாகக் கண்டவர்கள், அந்தச் சக்தி தங்கள் ஆட்சிக் காலத்தில் திரண்டு நிற்பதை விரும்பவில்லை என்று நினைக்க நியாயம் இருக்கிறது. இன்று பெரும்பாலான தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர் பேரவை என்பது மதிப்பெண் பார்த்துத் துறைத் தலைவர் முன்மொழியும் பிள்ளைகளின் பட்டியல். விழாவில் விருந்தினருக்குச் சால்வை எடுத்துக் கொடுப்பது அவர்களுடைய முக்கியப் பணி.

கோவை, பொள்ளாச்சிச் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் தடை எப்படி வேலை செய்யும் என்பதை இந்த ஊர்ப் பெற்றோர் நன்கு அறிவார்கள். சேர்க்கைப் படிவத்தோடு, கல்லூரியின் பெயருக்குக் களங்கம் வரும்படி நடக்க மாட்டேன் என்ற பொருளில் ஓர் உறுதிமொழித் தாளில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடுவார்கள். பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கல்லூரிப் பேருந்துக் கட்டணத்தைப் பற்றியோ, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ, ஓர் அரசியல் கைதைப் பற்றியோ ஏதோ போடுகிறான். மெமோ கிடையாது, விசாரணை அறிவிப்பு கிடையாது. ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்ற ஒரு வரி போதும். அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, துறைத் தலைவர் அறைக்கு வெளியே காத்திருந்து, உள்ளே கூப்பிட்டதும் கையைக் கட்டிக்கொண்டு, ‘வெவரம் தெரியாமப் பண்ணிட்டானுங்க, மன்னிச்சு உட்ருங்க சார்’ என்பார். ஸ்டேட்டஸ் அழிக்கப்படும். அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்கத் தேவையும் இல்லை. இதில் எதை எந்த நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும்?

இதற்கு மாறாக, தடை எழுத்தில் வந்தபோது என்ன நடந்தது என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி. சாட்சி. 2015இல் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் மீது பெயரில்லாத புகார் ஒன்று மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்துக்கு வந்து, வட்டத்தின் அங்கீகாரம் மே மாதம் ரத்தானது. ரத்து செய்த தகவல் மின்னஞ்சலில் இருந்தது. அது வெளியே வந்ததும் நாடு முழுவதும் விவாதமாகி, ஜூன் மாதத் தொடக்கத்திலேயே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. காகிதம் இருந்ததால் தடை சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை.

பாடத்திட்டத்தில் நடக்கும் கத்தரிப்பு இடைப்பட்ட வகை. 2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஆர்.எஸ்.எஸ். சார்ந்த மாணவர் அமைப்பான ஏ.பி.வி.பி.யின் புகாருக்குப் பின் அருந்ததி ராயின் நூல் ஒன்றை முதுகலை ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. மறு ஆண்டு கேரளத்தில் கண்ணூர்ப் பல்கலைக்கழகம் சாவர்க்கர், கோல்வல்கர் எழுத்துகளை முதுகலைப் பாடத்தில் வைத்தபோது எதிர்த் தரப்பு மாணவர் அமைப்புகள் கொதித்தெழ, பாடத்திட்டம் மாற்றப்பட்டது. ஒரு நூலைப் படிப்பது அதை ஏற்பதாகாது என்ற எளிய வாதம் முதல் நிகழ்வில் ஒரு சாராருக்கும் இரண்டாவதில் மறு சாராருக்கும் மறந்துபோனது.

எல்லையில் மட்டும் பேசப்படாதவை

இவற்றையெல்லாம்விட எல்லைக்கே உரிய மௌனம் ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இடுக்கியிலோ எர்ணாகுளத்திலோ படிக்கும் தமிழ் மாணவர் வாய் திறப்பது அரிது. 2011 டிசம்பரில் குமுளி, கம்பம் பகுதிகளில் பதற்றம் மூண்டு, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தேனிப் பக்கம் இறங்கிய நினைவு வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை மேற்கோள் காட்டுவது குற்றமல்ல. இருந்தும் வகுப்பில் அணை பற்றிப் பேச்சு வந்தால் தமிழ்ப் பிள்ளைகள் குனிந்து நோட்டைப் புரட்டுவார்கள். தேனியிலோ கம்பத்திலோ படிக்கும் மலையாளக் குடும்பத்துப் பிள்ளைக்கும் அதே நிலைதான்.

சித்தூர் வட்டத்தில் இந்த முடிச்சு இன்னும் சிக்கலானது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வராத ஆண்டில் கொழிஞ்சாம்பாறைத் தமிழ் விவசாயி, தமிழ்நாட்டு அரசை எதிர்த்துக் கேரள விவசாயியாகச் சாலையில் உட்காருகிறார். அவர் மகள் சித்தூர்க் கல்லூரியில் இதைப் பேசலாம், கைத்தட்டலும் கிடைக்கும். மகன் பொள்ளாச்சியில் படித்தால் பேச முடியாது. அங்கே அதே ஒப்பந்தத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஒரே வீட்டின் ஒரே வாதம், முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் ஓரிடத்தில் நாட்டுப்பற்றாகவும் மறு இடத்தில் துரோகமாகவும் ஆகிவிடுகிறது. கல்லூரி என்ற இடம் எதற்காக இருக்கிறதோ அதற்கு மிகப் பொருத்தமான விவாதம் இது. ஒப்பந்தம் இருக்கிறது, நீரளவுக் கணக்கு இருக்கிறது, இரு தரப்பு விவசாயிகளும் பஸ் பிடித்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறார்கள். இரு மாநிலத்து மாணவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து இதை விவாதிக்க எந்த விதியும் தடுக்கவில்லை. அப்படிச் செய்ய நினைக்கும் ஆசிரியரைத் தடுப்பது, நாளை செய்தித்தாளில் என்ன தலைப்பு வரும் என்ற எண்ணம்.

கல்லூரி மலரிலும் இரு புறத்து வேறுபாடு தெரியும். கேரளத்தில் மலர் ஆசிரியர் என்பது மாணவர் தேர்தலில் வென்று அடையும் பதவி. மலருக்கான தொகை மாணவர் கட்டணத்திலிருந்தே வருகிறது. ஆசிரியர் தரப்பிலிருந்து ஒருவர் மேற்பார்வை செய்வார். அதனால்தான் மலர்கள் வழக்கிலும் சிக்குகின்றன: 2014இல் குன்னங்குளம் அரசு பாலிடெக்னிக் மலரில் பிரதமரின் படம் ஹிட்லர் முதலானோர் வரிசையில் இடம்பெற்றதற்காக முதல்வர் உட்படப் பலர் மீது வழக்குப் போடப்பட்டது. எல்லைக் கல்லூரியின் மலரில் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த மேற்பார்வையாளருக்கு அவை எட்டாது என்பதால், தமிழ்ப் பக்கத்தின் தணிக்கையாளர் நடைமுறையில் தமிழாசிரியரே. அவர் சிறுபான்மைத் துறையின் இருப்பைக் காப்பாற்றும் கவலையில் இருப்பவர். அம்மாவைப் பற்றியும் மழையைப் பற்றியும் கவிதை கேட்பார். கிழக்கே கல்லூரி ஆண்டு மலரில் தாளாளரின் வாழ்த்துரை, முதல்வரின் அறிக்கை, கோப்பை வாங்கும் படங்கள் ஆகியவை போக மீதியிருக்கும் தாளில் தணிக்கைக்கே வேலை இல்லை.

இந்த நிலையில் மாணவர் செய்யக்கூடியவை குறைவு. ஆனால் அறவே இல்லாமலும் இல்லை. கூட்டத்துக்கோ திரையிடலுக்கோ அனுமதி கேட்பதை வாய்மொழியாகக் கேட்காமல், தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குவது முதல் படி. அரசுக் கல்லூரியானாலும் கணிசமான அரசு நிதி பெறும் கல்லூரியானாலும், அனுமதி ஏன் மறுக்கப்பட்டது, எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைப்போம் என்ற மிரட்டலுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் பயன்படும். சான்றிதழ்களைத் தடுத்து வைப்பது அதில் குறையாக வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சுயநிதிக் கல்லூரியும் குறைதீர்ப்புக் குழு வைத்தாக வேண்டும். அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர முயல வேண்டும். திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பேச்சுரிமை மறுப்பு அந்த ஒழுங்குமுறையின் குறைப் பட்டியலில் ஒரு தலைப்பாக இல்லை. ஆகவே பேசியதற்காக மதிப்பெண்ணோ சான்றிதழோ பாதிக்கப்படும்போதுதான் இந்த வழி திறக்கிறது; அதற்கு முன் வரும் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்ற அழைப்புக்கு எதிராக அதில் எதுவும் இல்லை. அந்த அழைப்பையும் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்கும் மாணவருக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆசிரியராவது வேண்டும்; மேற்கே அந்த ஆசிரியருக்கு மாணவர் அமைப்பைப் பற்றிய அச்சம், கிழக்கே அவருக்குத் தன் தற்காலிக நியமனம் அடுத்த ஜூனில் நீட்டிக்கப்படுமா என்ற அச்சம்.